செல்வரட்ணம் வீட்டுக் கோட்டைவாசல்

1994ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பதினோராம் திகதி, திங்கட்கிழமை, விடிய ஐந்து இருபதுக்கு, கனடாவில் மில்லிக்கன் என்ற புறநகரில் செல்வரட்ணத்தின் வீட்டு டிறைவ்வேயை மறித்துக்கொண்டு எழுநூறு வருடப் பழைய கோட்டைவாசல் ஒன்று நின்றது. முதல் நாள் அந்த இடத்தில் நின்றது அவருடைய நீல நிற வான் வண்டி. அது இப்போது ஒரு கீறல்கூட விழாமல் பன்னிரண்டு அடி உள்ளே தள்ளி நின்றது. வாசலை முதலில் கண்டவள் செல்வரட்ணத்தின் தங்கை ஜெயமலர். விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கிற கொம்பனியில் அவளுக்கு ஏழு மணிக்கு வேலை. ஐந்து முப்பத்துநாலு பஸ்ஸை விட்டால் சுப்பர்வைசரின் முகத்தைப் பார்க்க ஏலாது. அவள் இரண்டு வட்டக் கொத்தளங்களையும், நடுவிலிருந்த கூர்வளைவையும், தன் முன்னே இறங்கிக் கிடந்த இருப்புக் கிராதியையும் பார்த்தாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கிராதி கிறீச்சிட்டுக்கொண்டு மேலே போனது. அவள் பஸ்ஸைப் பிடித்தாள். பத்து மணி இடைவேளையில்தான் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்து, "மச்சாள், முன்னாலை ஒரு சாமான் நிக்குது. அண்ணை வான் எடுக்கேக்கை பாத்து எடுக்கச் சொல்லுங்கோ" என்று அண்ணன் மனைவி பாலேஸ்வரிக்கு அறிவித்தாள்.

அந்தச் சாமானின் விபரங்களை எதிர்வீட்டு ரகுநாதன்தான் திரட்டினார். அவர் தமிழ்நாட்டுக்காரர், கட்டட இஞ்சினியர், கனடாவுக்கு வந்து எட்டு மாதம். படிப்புக்கேற்ற வேலை இன்னும் அமையாததால் அளப்பதற்கு நேரம் இருந்தது. நாடாவைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் அளந்தார். கொத்தளம் ஒவ்வொன்றும் முப்பத்தெட்டு அடி உயரம். அடியில் சுவர் ஏழரை அடி தடிப்பு. அம்பு விட வைத்த ஒடுங்கிய துளைகள் பக்கத்துக்கு ஆறு. மேலே போகும் சுருள்படி வலம்புரியாக ஏறியது, ஏறி வரும் எதிரியின் வாள்பிடித்த கை சுவரில் இடிபட வேண்டும் என்பதற்காக. நடுவே இருபத்தாறு அடி நீளத்தில் வளைந்த கூரையோடு ஒரு நடைபாதை. அதன் வெளித்தலைப்பில் ஒரு கிராதி, உள்தலைப்பில் ஒரு கிராதி. "எதிரியை முதல்ல உள்ள விடுவாங்க சார். வந்ததும் பின்னாடி ஒண்ணு, முன்னாடி ஒண்ணு, ரெண்டையும் டபக்குனு இறக்கிடுவாங்க. எலிப்பொறி மாதிரி. அப்புறம் மேல பாருங்க, கூரையில ஏழு ஓட்டை. அது வழியா கொதிக்கிற தண்ணி, சுடுமணல், எல்லாம் தலைல கொட்டுவாங்க."

செல்வரட்ணம் அண்ணாந்து பார்த்தார். "அப்ப மழைக்கு ஒழுகுமே?" என்று கேட்டார்.

இரண்டாம் கிழமை நகரசபையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பேர்மிற் இல்லாமல் யார் கட்டியது என்று கேட்டார். ஒருவரும் கட்டவில்லை, அது வந்தது என்று செல்வரட்ணம் சொன்னார். அதிகாரியின் படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்கவில்லை. எப்போது கட்டியது என்று அடுத்த கட்டத்துக்குப் போனார். கல் செதுக்கிய விதத்தை வைத்துப் பார்த்தால் 1290க்கு ஐந்து வருடம் முன்பின்னாக இருக்கும் என்று ரகுநாதன் உள்ளதைச் சொன்னார். அதிகாரி காருக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினார். தெருவிலிருந்து இத்தனை அடி தள்ளிக் கட்ட வேண்டும் என்ற சட்டம், அந்தச் சட்டத்துக்குப் பிறகு எழுந்த கட்டடங்களுக்கு மட்டும்தான். இது சட்டத்துக்கும் முந்தியது, நகரசபைக்கும் முந்தியது, நாட்டுக்கும் முந்தியது. ஆகவே இருக்கலாம், இடிக்கத்தான் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். வீட்டு இலக்கம் றோட்டிலிருந்து தெரிய வேண்டும் என்றதால், இடப்பக்கக் கொத்தளத்தில் செல்வரட்ணம் 46 என்று பித்தளையில் அடித்தார்.

வாசலுக்கு இரண்டு பக்கமும் மதில் இல்லை, வெறும் புல்லுத்தரை. ஆனால் புல்லில் இறங்கிச் சுற்றிப் போனவர்கள் எல்லாரும் 48ஆம் இலக்க வீட்டுப் படியில் போய் நின்றார்கள். தபால்காரர் ஒரு கிழமைக்குள் இதைப் பழகிக்கொண்டு, கடிதங்களை மூன்றாம் அம்புத்துளைக்குள் போடத் தொடங்கினார். பெரிய தொல்லை அது அல்ல. வாசல், கோட்டை வாசல்களின் முறைப்படி, பொழுதுபட்டதும் சாத்திக்கொண்டது. கோடையில் இது ஒருவருக்கும் தெரியவில்லை. மார்கழியில் மில்லிக்கனில் நாலு நாற்பதுக்கே பொழுது படும். அதற்குப் பிறகு வருகிறவர்கள் வானை றோட்டில் விட்டுவிட்டு, கொத்தளத்தின் பக்கத்தில் ஆள் குனிந்து நுழையும் திட்டிவாசலுக்கு முன்னால் நின்று, தங்கள் பெயரையும் பிந்தியதற்கான உண்மைக் காரணத்தையும் சொல்ல வேண்டும். சொன்னால் திறக்கும். முதல் நாள் செல்வரட்ணம் "ஓவர்ரைம்" என்று மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். பனி காது வரைக்கும் ஏறியது. நாலாம் தரம், "சரி, காட்ஸ்! முன்னூற்றிநாலு அடிச்சுக்கொண்டிருந்தனான்" என்று கத்தினார். திட்டிவாசல் திறந்தது. உள்ளே பாலேஸ்வரி நின்றா. அதற்குப் பிறகு நடந்தது எழுதி வைக்கத் தேவையில்லாதது.

பாலேஸ்வரிக்கு வாசலோடு ஒரு கோபமும் இல்லை. எங்கள் ஆட்கள் மீன் பொரிப்பதற்கும் தாளிப்பதற்கும் கார் விடுகிற கராச்சுக்குள் இரண்டாம் அடுப்பு வைப்பது வழக்கம். வீட்டுக்குள் மணம் பிடிக்கக் கூடாது. அவ அந்த அடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய் நடைபாதைக்கு மேலிருந்த காவலறைக்குள் வைத்தா. கல்லுப் புகைக்கூடு கராச்சைவிட நன்றாக இழுத்தது. இடக்கைப் பழக்கம் என்பதால் சுருள்படியில் பானையோடு ஏற அவவுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. தரையிலிருந்த ஏழு ஓட்டைகளும் கஞ்சி வடிக்கத்தான் என்று அவ முடிவு செய்தா. "கட்டினவன் சமைக்கத் தெரிஞ்சவன்" என்று ரகுநாதனிடமே சொன்னா. வளைவின் உச்சியில் ஏதோ ஒரு சாமி இருந்துவிட்டுப் போன மாடக்குழி வெறுமையாகக் கிடந்தது. ஸ்டீல்ஸ் றோட்டுப் பிளாசாவில் பிள்ளையார் ஒருவரை வாங்கி அதற்குள் குடியேற்றினா. அவரும் ஒன்றும் சொல்லாமல் இருந்தார்.

இந்த வீட்டில் எல்லாரும் இருப்பதற்குக் காரணம் ஜெயமலர். 1986இல் தனியாக வந்தவள். பார்க்டேலில் நாலு பெண்களோடு ஓர் அறையில் இருந்து, அலுவலகங்கள் கூட்டி, அண்ணனையும் மச்சாளையும் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டவள். இப்போது நாற்பத்திரண்டு வயது. மூன்று கலியாணம் பேசி மூன்றும் குழம்பியிருந்தன. குழப்பியவர் ஒரே ஆள்: தாய்மாமன் இராஜரட்ணம், மொன்றியலில் இருப்பவர். அவர் சத்தம் போட மாட்டார். எல்லாரும் தேத்தண்ணி குடித்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "எல்லாம் நல்லது. ஒரு சின்னக் கேள்வி. தாய்வழியிலை ஆர் ஆக்கள்?" என்பார். அதோடு தேத்தண்ணி ஆறிவிடும். இரண்டு நாளில் ரெலிபோன் வரும், சாதகம் பொருந்தவில்லை என்று. ஒவ்வொரு தரமும் செல்வரட்ணம் தங்கையிடம், "கொஞ்சம் பொறு, மலர்" என்று சொல்வார். அவள் ஒன்பது வருடம் கொஞ்சம் பொறுத்திருந்தாள்.

நாலாவது ஆளை அவளே பார்த்துக்கொண்டாள். சீமோன், நாற்பத்தாறு வயது, மனைவி இறந்தவர், சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், ஒஷாவாவில் கார் உதிரிப்பாகம் பூட்டும் வேலை. இருவரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் கார் ஓட்டும் சோதனையில் மூன்றாம் தரம் பெயிலாகிப் பழக்கமானவர்கள்; நாலாம் தரம் அவர் பாசானார், அவள் பெயில். இருபது வருடம் மணியடித்தால் நிற்கிற, மணியடித்தால் நடக்கிற வேலை செய்ததால் அவர் ஓரிடத்துக்கும் பிந்திப் போனதில்லை. முதல்முறை வீட்டுக்கு வரச் சொன்னது ஞாயிறு பத்து மணிக்கு. ஒன்பது ஐம்பத்தொன்பதுக்கு வந்து, ஒரு நிமிடம் காருக்குள் இருந்து, பத்துக்குக் கதவைத் தட்டினார். செல்வரட்ணம் இடுப்பில் சாரத்தோடு, வாயில் பிறஷ்ஷோடு திறந்தார். பாலேஸ்வரியின் தலை முழுக்க மை. "சொன்ன நேரத்துக்கு வாற மனிசனை என்னெண்டு நம்புறது? உவன் சரியில்லை" என்பதுதான் பிறகு செல்வரட்ணம் சொன்ன முதல் குறை. வாசல் அப்படி நினைக்கவில்லை. மற்றவர்களுக்குத் தூக்குவதைவிட அரை அடி கூடுதலாகக் கிராதி சீமோனுக்குத் தூக்கியது. ரகுநாதன் அளந்து பார்த்தவர்.

1995 ஆவணி பத்தொன்பது, சனிக்கிழமை, கலியாணத்தைப் பதிகிற எழுத்து என்று ஜெயமலர் நாள் குறித்தாள். கோவிலா சேர்ச்சா என்ற சண்டை வரக் கூடாது என்று வீட்டிலேயே வைத்தாள். படிவத்தில் சாட்சிகளின் பெயரையும் நிரப்பிவிட்டாள்: ஒன்று ரகுநாதன், இரண்டு பகுதிக்கும் சொந்தமில்லாதவர், மற்றது செல்வரட்ணம். "உங்கடை கையெழுத்து இல்லாமல் நான் இந்த வீட்டை விட்டுப் போகமாட்டன், அண்ணை" என்றாள். தங்கை போட்ட கையெழுத்தில் கனடா வந்த மனிதரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஓம் என்றார். ஓம் என்றுவிட்டு அடுத்த நாளே மொன்றியலுக்கு ரெலிபோன் எடுத்து மாமனுக்கும் சொன்னார். "முறைக்குச் சொல்லாமல் விடேலுமே" என்றார். இனி என்ன நடக்கும் என்பது ஜெயமலருக்குத் தெரியும். மாமா கண்ணாடியைத் துடைப்பார். அண்ணன் பேனையை மூடுவார். அவள் வேலைத்தலத்தில் ஒரு கரண்டி வைக்கிற சாப்பாட்டுத் தட்டுகளுக்கு யோசனையில் இரண்டு கரண்டி வைக்கத் தொடங்கினாள்.

எழுத்து உண்மையில் மாலை ஏழு மணிக்கு. அழைப்புக் கார்ட்டில் செல்வரட்ணம் அடிப்பித்தது நாலு மணி என்று. இது பிழையல்ல, கணக்கு. ஸ்காபரோ ஆட்கள் இரண்டு மணித்தியாலம் பிந்துவார்கள். சீலை உடுக்க அரை மணித்தியாலம். மிசிசாகாவிலிருந்து வருபவர்கள் வழி மாறுவதற்கு இன்னோர் அரை மணித்தியாலம். ஐந்து கொண்டாட்டத்தில் இந்தக் கணக்கு அச்சொட்டாகச் சரிவந்தது. முதல் கார்ட்டை நாலு மூலையிலும் மஞ்சள் பூசிச் சாமிக்கு வைப்பது முறை என்பதால், பாலேஸ்வரி ஏணி வைத்து ஏறி அதை மாடக்குழிப் பிள்ளையாரின் காலடியில் வைத்தா. பிள்ளையாருக்கு எங்கள் கணக்குப் பழக்கம். நாலு என்றால் ஏழு என்று அவருக்குத் தெரியும். வாசலுக்குத் தெரியாது. அதற்கு எழுநூறு வருடத்தில் யாரும் பொய் நேரம் எழுதிக் கொடுத்ததில்லை.

அன்றைக்கு இரண்டு மணிக்கே செல்வரட்ணம் மாமனைப் பஸ் நிலையத்திலிருந்து ஏற்றிவர வானோடு போய்விட்டார். பாலேஸ்வரி காவலறையில் சோறு வடித்துக்கொண்டிருந்தா. மூன்று ஐம்பத்தைந்துக்கு சீமோன் கோட்டும் ரையுமாக வந்து நின்றார். "ஏழுக்கெண்டெல்லோ அண்ணை சொன்னவர்?" என்று ஜெயமலர் கேட்டாள். "கார்ட்டிலை நாலெண்டு கிடக்கு. எழுத்திலை ஒண்டு, வாயிலை ஒண்டெண்டால் எனக்கு விளங்காது, மலர். நீரும் உடுத்துக்கொண்டுதானே நிக்கிறீர்?" அவள் மூன்று மணிக்கே உடுத்துவிட்டிருந்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்று ஐம்பத்தேழுக்கு எழுத்துக்காரப் பெண்மணி வந்தா. அவவுக்கும் ஒரு கார்ட் ஆங்கிலத்தில் போயிருந்தது. கணக்கை விளங்கப்படுத்தச் செல்வரட்ணம் மறந்துபோனார். ஆறு மணிக்குத் தனக்கு வேறோர் எழுத்து இருப்பதாக அவ சொன்னா. ரகுநாதன் றோட்டைக் கடந்து வந்தார். சரியாக நாலு மணிக்கு, வான் றேடியோவில் செய்தி தொடங்கும்போது, செல்வரட்ணம் மாமனோடு நடைபாதைக்குள் நுழைந்தார். வானுக்குப் பின்னால் ஒரு கிராதி விழுந்தது. வானுக்கு முன்னால் ஒரு கிராதி விழுந்தது.

"எழுதி வச்ச மாதிரி நடக்குது சார்!" என்று ரகுநாதன் கைதட்டிவிட்டு, ஒருவரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். செல்வரட்ணம் இறங்கி உள்கிராதியைப் பிடித்து உலுப்பினார். அது அசையவில்லை. "மலர், கொஞ்சம் பொறு. சனம் ஏழுக்குத்தான் வரும். அதுக்குள்ளை உதைத் தூக்கலாம்." எழுத்துக்காரப் பெண்மணி கடிகாரத்தைப் பார்த்தா. ஜெயமலர் படிவத்தையும் பேனையையும் எடுத்துக்கொண்டு கிராதிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். சீமோன் அவளுக்கு ஓரடி பின்னால், கையைக் கட்டிக்கொண்டு. பெண்மணி வாசிக்கச் சொன்னதை இருவரும் வாசித்தார்கள். ஓம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் சீமோன் தமிழில் ஓம் என்றார். பெண்மணி அதை ஏற்றுக்கொண்டா. இருவரும் கையெழுத்து வைத்தார்கள். ரகுநாதன் வைத்தார். மிச்சம் ஒரு கோடு. ஜெயமலர் படிவத்தைக் கிராதிக் கம்பிகளுக்கு நடுவால் நீட்டினாள். செல்வரட்ணம் பேனையை வாங்கினார். அப்போதுதான் இராஜரட்ணம் மாமா வானிலிருந்து ஆறுதலாக இறங்கி, நடைபாதையின் நடுவில் வந்து நின்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாம் நல்லது, தம்பி. கையெழுத்து வைக்க முந்தி ஒரு சின்னக் கேள்வி. தாய்வழியிலை…"

மூன்றாம் ஓட்டையால் கஞ்சி வந்தது. கொதிக்கவில்லை, கை பொறுக்கிற சூடு. ஒரு பானையில் முப்பது பேருக்கு வடித்த கஞ்சி, கெட்டியாக, நிதானமாக, மாமாவின் வழுக்கையில் விழுந்து காதுகளால் பிரிந்து கோட்டுப் பைக்குள் இறங்கியது. மேலேயிருந்து பாலேஸ்வரியின் குரல் மட்டும் கேட்டது: "ஐயையோ, கீழை ஆரும் நிக்கிறியளோ?" வேண்டுமென்று ஊற்றினாவா என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். "நான் எப்பவும் நாலாம் ஓட்டையாலைதான் வடிக்கிறனான்" என்பதற்கு மேல் அவ ஒன்றும் சொல்லவில்லை.

செல்வரட்ணம் பேனையின் மூடியைத் தேடினார். கண் மாமாவிடமும் இல்லை, தங்கையிடமும் இல்லை, சுவரில் இருந்தது. ஜெயமலர் குரலை உயர்த்தவில்லை.

"அண்ணை, உங்கடை ஸ்பொன்சர் பேப்பரிலை நான் கையெழுத்து வைக்கேக்கை ஒரு கேள்வியும் கேக்கேல்லை."

கஞ்சி சொட்டுகிற சத்தம் கேட்டது. வானின் றேடியோ காலநிலை சொன்னது: ஞாயிறு முகில். "எவடத்திலை வைக்கோணும்?" என்று செல்வரட்ணம் கேட்டார். அவள் விரலால் காட்டினாள். அவர் வானின் முன்மூடியில் படிவத்தை வைத்து, பள்ளிக்கூடத்தில் பழகின முழுக் கையெழுத்தை, தகப்பன் பெயரோடு, ஒரு புள்ளியும் விடாமல் வைத்தார். உள்கிராதி மேலே போனது. எழுத்துக்காரப் பெண்மணி நாலு இருபத்திரண்டு என்று நேரம் குறித்தா. மாமா கண்ணாடியைத் துடைக்கத் துணி கேட்டு வாங்கி, துடைத்து, போட்டு, தான் தொடங்கியதை முடிக்காமல் விடுகிற ஆள் அல்ல என்பதால் சீமோனிடம் நேரே போய், "தாய்வழியிலை நீங்கள் ஆர் ஆக்கள்?" என்று கேட்டார். "ஒஷாவா ஆக்கள், மாமா. சாப்பிடுவமே?" என்றார் சீமோன். மாமாவுக்கு நாள் முழுக்கப் பஸ்ஸில் வந்த களைப்பு. பசியும் இருந்தது. சாப்பிட்டார்.

சனம் ஏழு மணியிலிருந்து வந்தது, இருநூற்றுநாற்பது பேர், கணக்குப்படி ஒரு நிமிடமும் பிசகாமல். வெளிக்கிராதி இறங்கியபடி கிடந்தது. அதற்கு அவர்கள் எல்லாரும் மூன்று மணித்தியாலம் பிந்தியவர்கள். ஆகவே பட்டுச்சீலையும் பரிசுப்பெட்டியுமாக ஒவ்வொருவராகத் திட்டிவாசலுக்கு முன்னால் குனிந்து காரணம் சொன்னார்கள். "யூஜினி. கொண்டை சரிவரேல்லை." திறந்தது. "முத்துலிங்கம். றோட்டிலை றபிக்." திறக்கவில்லை. "முத்துலிங்கம். நித்திரையாப் போனன்." திறந்தது. "நாங்கள் முதல் போய் நிண்டால் வேலை இல்லாத ஆக்கள் எண்டு நினைப்பினம்" என்று ஒரு குடும்பம் முழுக்கச் சொன்னது. "அவையள் உள்ளை போட்டினமோ எண்டு பாத்துக்கொண்டு காருக்குள்ளை இருந்தனாங்கள்" என்று அவையளுக்கு அடுத்ததாக நின்றவர்கள் சொன்னார்கள். வரிசை ஸ்டீல்ஸ் வரைக்கும் நீண்டது. பாலேஸ்வரி அம்புத்துளைகளால் நீட்டுக் கரண்டியில் வடை கொடுத்தா. கடைசி ஆள் குனிந்து நுழையும்போது மணமக்கள் மூன்றாம் தரம் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

ஜெயமலர் அந்தக் கிழமையே ஒஷாவாவுக்குப் போனாள். ஐந்தாம் தரம் கார்ச் சோதனை எடுத்துப் பாசானாள். செல்வரட்ணம் ஒன்றரை மாதம் ரெலிபோன் எடுக்கவில்லை. பிறகு புரட்டாதிக் கடைசியில் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் சாப்பிட வாங்கோ, பன்னிரண்டு மணிக்கு என்றார். ஜெயமலர், "உண்மையா எத்தினை மணிக்கு?" என்று கேட்டாள். "பன்னிரண்டுக்கு" என்றார். அவர்கள் பன்னிரண்டுக்குப் போனார்கள். கிராதி தூக்கியபடி இருந்தது. செல்வரட்ணம் சாரம் மாற்றிக் களிசான் போட்டு, தலை இழுத்து, உள்தலைப்பில் வந்து நின்றார். மேசையில் சோறும் எட்டுக் கறியும் ஆவி பறக்க இருந்தன. அந்த வருடம் முழுக்க மில்லிக்கனிலும் பார்க்டேலிலும் ஆட்கள் இதையே கதைத்தார்கள், நம்பாதவர்களுக்கு ரகுநாதன் சத்தியம் செய்தார்: செல்வரட்ணம் வீட்டில் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுக்கே சாப்பாடாம். கோட்டைவாசலைப் பற்றி ஒருவரும் பெரிதாகக் கேட்கவில்லை.